பூசணத்துக்குப் பெயர் சூட்டியவர்

அத்தியாயம் 17

கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குச் சென்று, அங்கே குழந்தை வேலப்பரைத் தரிசித்துக்கொண்டு, அதன் பின்னும் மேற்கு நோக்கி மலையின் மடிப்புகளுக்குள் வளைந்து வளைந்து செல்லும் பாதையிலே பஸ் போய்க்கொண்டேயிருந்தால், படிப்படியாக வெட்டி வைத்த வயல்களின் நடுவே, வீட்டோடு வீடு தோள் உரசி நிற்கும் கூக்கால் என்னும் கிராமம் ஒரு திருப்பத்தில் திடீரென்று புலப்படும். ஊருக்கு அருகே ஓர் ஏரி. ஏரிக்கு அப்பால், எத்தனையோ யுகங்களாக அங்கேயே இருந்துவரும் சோலைக்காடு. அச்சோலையின் எஞ்சிய பகுதிகளை நெருக்கிக்கொண்டு, நம் பாட்டனார் காலத்துக்குப் பிறகு வந்து குடியேறிய பைனும் யூகலிப்டஸும் வாட்டிலும். ஐப்பசி மாதத்து அடைமழையில் இவ்வூரிலே ஒரு வாரம் தங்கியிருக்க நேர்ந்ததால்தான், இத்தொடரில் இரண்டு மூன்று அத்தியாயங்கள் கழித்து எழுதலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த ஒருவருடைய சரித்திரத்தை இப்போதே எழுதத் துணிந்தேன்.

மூன்று நாள் விடாது பெய்த மழை நான்காம் நாள் காலையில் சற்றே ஓய்ந்தது. நான் தங்கியிருந்த வீட்டின் மூதாட்டியோடு காட்டோரம் நடந்தேன். பைன் மரங்களின் அடியில், உதிர்ந்த ஊசியிலைகளைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு, நேற்று இல்லாத குடைகள் எங்கு பார்த்தாலும் எழும்பியிருந்தன; எண்ணெய் பூசினாற்போல் வழவழப்பாகச் சில, செங்கல் நிறத்தில் சிறு பொத்தான் அளவில் சில.

"இதைச் சமைக்கலாமா, ஆத்தா?" என்று கேட்டேன்.

"பைனுக் காட்டுல முளைக்கிறதைக் கையால தொடாதீங்கய்யா, அது மரத்தோட வந்த சனியன். கீழ்நாட்டுல புத்துல வருமே, இடி இடிச்ச மறுநாளு, அதுதான் நாம திங்கிறது" என்றாள்.

இவ்விரண்டு வாக்கியங்களுக்குள் எவ்வளவு சாஸ்திரம் அடங்கியிருக்கிறது என்பதை அவள் அறியாள். நானும் அப்போது அறியேன். பிறகு இவற்றுக்கு வருவோம். அவள் குடைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வேளையில், நம் சரித்திர நாயகராக இருந்தால் அவர் அந்தக் குடைகளை ஏறெடுத்தும் பாராமல், குனிந்து, சோலை மரத்திலிருந்து உதிர்ந்து நனைந்து கறுத்துப்போன ஓர் இலையைத்தான் பொறுக்கி எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றிற்று. ஆகவே நானும் ஓர் இலையைப் பொறுக்கி, காகித உறைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

சென்ற அத்தியாயத்தில், வைத்தியப் படிப்புப் படித்துவிட்டுப் பயிர்நோய்க்கு வைத்தியராக மாறிய ஐரிஷ்காரர் எட்வின் ஜான் பட்லர் 1901-ல் கல்கத்தாவில் வந்திறங்கியதையும், பின்பு பூசா என்னும் பீகார் கிராமத்தில் ஏகாதிபத்தியப் பூஞ்சை நிபுணராக அமர்ந்ததையும், பயிர்நோய்களைப் பற்றி 1918-ல் அவர் வெளியிட்ட மகத்தான நூலையும், 1920-ல் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பியதையும் கண்டோம். பட்லர் விதைத்துவிட்டுப் போன வித்தை தென்னாட்டில் முளைத்துக் கிளைவிட்ட இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்கூடம். முளைக்க வைத்தவர் டி. எஸ். சதாசிவன், கிளைவிடச் செய்தவர் நம் சரித்திர நாயகரான சி. வி. சுப்பிரமணியன்.

சரித்திரத்துக்குள் நுழையுமுன் சொல் ஒன்றைப் பற்றிச் சற்றுப் பேச வேண்டியிருக்கிறது. குடை விரித்து நிற்பதைக் காளான் என்கிறோம். ஊறுகாய் ஜாடியிலும் மழைக்காலத்துச் செருப்பிலும் பூப்பதைப் பூசணம் என்கிறோம். இரண்டும் ஒரே ஜாதி என்று நம் பெண்டிர் ஒருபோதும் ஒப்பமாட்டார்கள். ஆயினும் உண்மை அதுதான். மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் கண்ணுக்குப் புலப்படாத நூலிழைகளாய் ஓடிக் கிடப்பதே இந்த ஜீவனின் உடல். குடை என்பது, மாமரத்தில் மாங்காய் போல, காலம் வந்தபோது வெளியே நீட்டும் காய் மாத்திரமே. குடையே விரிக்காமல் நூலின் நுனியிலேயே வித்துகளைக் கட்டித் தொங்கவிட்டுக் காரியத்தை முடித்துக்கொள்ளும் இனங்களும் ஆயிரக்கணக்கில் உண்டு, அவையே பூசணம். காளானைப் பற்றி எழுதியவர் அநேகர். பூசணத்தைப் பற்றி எழுத ஒரு தனிப் பொறுமை வேண்டும்.

பழந்தமிழர் காளானை வறுமையின் அடையாளமாகவே கண்டார்கள். குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார், சமைப்பதையே மறந்துபோன தம் வீட்டு அடுப்பில் காளான் முளைத்துக் கிடப்பதைப் புறநானூற்றிலே சொல்லி இரக்கிறார். அந்தக் குமணனுடைய முதிரமலை, பழனிக்கும் உடுமலைக்கும் இடையே உள்ள குதிரைமலைதான் என்று கருதுவோர் உண்டு. அது மெய்யானால், கூக்கால் மலைச்சரிவிலிருந்து வடக்கே பார்த்தால் தெரிகிற தேசந்தான் அது. சிறுபாணாற்றுப்படையும் பசித்த பாணனின் சமையலறைச் சுவரில் இதே காளானைக் காட்டுகிறது. வடமொழியின் மனுதர்மமோ ஒரு படி மேலே சென்று, துவிஜர்கள் உண்ணலாகாத பொருள்களை அடுக்குகையில் பூண்டு, வெங்காயம் ஆகியவற்றோடு 'கவகம்' என்னும் காளானையும் ஒரே சுலோகத்தில் சேர்த்துத் தள்ளிவைக்கிறது. கூக்காலில் நான் தங்கிய வீட்டின் உத்தரத்தில், அடுப்புப் புகை படும்படி, கொடைக்கானல் மலைப்பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்கிற்று. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. வாசலிலே காளான், உள்ளே பூண்டு! மனு வந்திருந்தால் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டார் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். தள்ளிவைக்கப்பட்ட அந்தக் 'கவக' சப்தத்தை நம் நாயகரும் அவருடைய கூட்டத்தாரும் என்ன செய்தார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சுப்பிரமணியன் 1924-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். ஆராய்ச்சி மாணவராக அவர் வந்து சேர்ந்த சென்னைத் தாவரவியல் ஆய்வுக்கூடம், பாசிகளைப் பற்றிய ஞானத்தில் உலகப் பிரசித்தி பெற்ற எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் கட்டி வளர்த்த இடம். ஐயங்காருக்குப் பின் அதன் பொறுப்பை ஏற்ற சதாசிவன், இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் பரிசோதனை நிலையத்தில் காரெட் என்னும் அறிஞரிடம் பயின்று, மண்ணுக்குள் வாழும் நோய்ப் பூஞ்சைகளைப் பற்றிய வித்தையைக் கைக்கொண்டு வந்தவர். கரிசல் நிலத்தில் பருத்திச் செடி, ஈரம் இருந்தும் வெயிலில் துவண்டாற்போல் வாடி மடிவதற்குக் காரணமான பூசேரியம் என்னும் பூஞ்சையே அக்காலத்தில் அந்தக் கூடத்தின் பிரதான விசாரமாயிருந்தது. சுப்பிரமணியனின் ஆரம்ப ஆராய்ச்சியும் அதுதான். மண்ணின் நிலை எவ்வாறு இருந்தால் இந்த வாடல் நோய் மிகும், எவ்வாறு இருந்தால் தணியும் என்பது பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1950-ல் இந்திய விஞ்ஞான அகாதமியின் நடவடிக்கைகளில் வெளிவந்தது.

குருவின் வழியிலேயே நடந்திருந்தால் அவர் பயிர்நோய் நிபுணராகப் பேர் பெற்று ஓய்ந்திருப்பார். ஆனால் மண்ணைக் கரைத்துத் தட்டில் ஊற்றிப் பார்க்கும் ஒருவருக்கு, தேடிய பூஞ்சை ஒன்று தென்படுமுன் தேடாத பூஞ்சைகள் பத்து முளைத்துக் கண்ணைப் பறிக்கும். இவை யாவை, இவற்றின் பெயர் என்ன என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பட்லரும் பிஸ்பியும் 1931-ல் தொகுத்த இந்தியப் பூஞ்சைகளின் ஜாபிதாவுக்கு, கே. ராமகிருஷ்ணனுடன் சேர்ந்து 1952-ல் அனுபந்தம் தயாரித்தபோதே அவருடைய மனம் எந்தத் திசையில் திரும்பிவிட்டது என்பது தெளிவாகிறது. ஜாபிதா எழுதுவது குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். பெயர் தெரியாத நோய்க்கு மருந்து தேடுகிறவன், விலாசம் இல்லாத கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறவனுக்கு ஒப்பானவன் என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கிற்று.

இனி, அவர் செய்த மெய்யான காரியத்துக்கு வருவோம்.

குடை விரிக்காத நூற்பூஞ்சைகளை எவ்விதம் வகைப்படுத்துவது? இத்தாலியின் பதுவா நகரத்து சாக்கார்டோ என்னும் பேராசிரியர் 1882 முதல் வெளியிட்டுவந்த மாபெரும் தொகுப்பு ஒரு வழி வகுத்திருந்தது: வித்து கறுப்பா, வெளுப்பா? உள்ளே தடுப்பு உண்டா, இல்லையா? நீளமா, உருண்டையா? இந்த மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுவிட்டால் பூஞ்சை எந்த அறைக்கு உரியது என்று சொல்லிவிடலாம். வசதியான ஏற்பாடுதான், ஆனால் வேஷ்டியின் கரையைப் பார்த்து மனிதனின் குலத்தை நிர்ணயிப்பது போன்றது. சுற்றத்தார் வெவ்வேறு அறைகளில் சிதறிக் கிடந்தார்கள். சம்பந்தமே இல்லாதவர்கள் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

1953-ல் கனடாவிலிருந்து ஸ்டான்லி ஹியூஸ் என்பவர், வித்து எப்படி இருக்கிறது என்று பாராமல் வித்து எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள் எனப் புதிய மார்க்கம் ஒன்றைக் காட்டினார். நம் அடுக்களை உவமைகளாலேயே இதை விளக்கிவிடலாம். இடியாப்ப உழக்கிலிருந்து மாவு நூலாய் இறங்குவதுபோல, குடுவை வடிவான ஓர் உயிரணுவின் வாய் வழியே வித்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளப்பட்டு வெளிவருவது ஒரு விதம். கரும்பைக் கணுவுக்குக் கணு ஒடிப்பதுபோல, நூலே துண்டு துண்டாக முறிந்து வித்தாகிவிடுவது ஒரு விதம். பலூனை ஊதுவதுபோல நுனி பருத்து உப்பி வித்தாவது வேறொரு விதம். ஒரு வித்தைக் கட்டி முடித்துவிட்டுத் தண்டு பக்கவாட்டில் சற்றே நகர்ந்து வளர்ந்து அடுத்ததைக் கட்ட, இப்படியே வளைந்து வளைந்து மேலேறுவதும் உண்டு. ஹியூஸ் சுட்டிக் காட்டிய இந்த மார்க்கத்தில் அடுத்த அடி வைத்தவர் சுப்பிரமணியன். 1962-ல் பெங்களூரின் 'கரண்ட் ஸயன்ஸ்' பத்திரிகையில் மூன்றே பக்க அளவில் அவர் வெளியிட்ட கட்டுரை, வித்தின் பிறப்பையே ஆதாரமாகக் கொண்டு நூற்பூஞ்சைகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தது. மூன்று பக்கம் என்பதைக் கவனிக்கவேண்டும். முந்நூறு பக்கம் எழுதிச் சொல்ல இயலாததை மூன்று பக்கத்தில் சொல்லிவிடும் துணிவு, இருபது வருஷம் நுண்ணோக்கியின் கண்ணாடியில் கண் பதித்தவனுக்கே வரும்.

1965-ல் அவருக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு கிடைத்தது. உயிரியல் துறையில் அப்பரிசை 1960-ல் முதன்முதலாகப் பெற்றவர் அவருடைய குருவான சதாசிவன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1969-ல் கனடாவின் மலைப்பிரதேசமான கனனாஸ்கிஸில், பிரைஸ் கென்ட்ரிக் என்பவரின் முயற்சியால் இத்துறையின் தலைசிறந்தவர்கள் கூடி வித்துகளின் பிறப்பைப் பற்றி நாள்கணக்கில் வாதித்தபோது, இடியாப்ப உழக்கு என்று நான் மேலே சொன்ன அந்தக் குடுவை உயிரணுவைப் பற்றிய அத்தியாயம் சுப்பிரமணியனுடையதாயிருந்தது. 1971-ல் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கௌன்ஸில் வெளியிட்ட அவருடைய 'ஹைபோமைசீட்ஸ்' என்னும் நூல், தொள்ளாயிரத்துச் சொச்சம் பக்கங்களில் இந்நாட்டு நூற்பூஞ்சைகளை வரிசைப்படுத்திற்று. பின்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு அவர் இயக்குநரானார்; சர்வதேசப் பூஞ்சையியல் சங்கத்துக்குத் தலைவராகவும் விளங்கினார். பதவிகளைப் பற்றி இவ்வளவு போதும். அவர் சூட்டிய பெயர்களைப் பற்றி எழுதத்தான் என் பேனா துடிக்கிறது.

புதிய ஜீவராசிக்குப் பெயரிடுவோர் லத்தீன் இலக்கண உருவில் இடவேண்டும் என்பது விதி. ஆனால் மூலச் சொல் எந்தப் பாஷையிலிருந்தும் வரலாம் என்று அதே விதி இடங்கொடுக்கிறது. இந்த வாசலைக் கண்டுகொண்ட சுப்பிரமணியன் அதன் வழியே சமஸ்கிருதத்தைத் தாராளமாக உள்ளே அழைத்து வந்தார். 1953-ல் சென்னையில் கிடைத்த ஒரு பூஞ்சை, தூரிகை போல் மயிர் சிலிர்த்து நின்றது. 'கூர்ச்சலோமா மத்ரீயா' என்றார். சிராத்தத்தில் தர்ப்பையை முடிந்து வைக்கும் கூர்ச்சத்தைக் கண்டவர்களுக்கு அந்தப் பெயர் உருவத்தையே கண்முன் கொண்டுவந்து நிறுத்தும். 'மத்ரீயா' என்பது மதராஸ் பட்டணத்துக்கு உரியது என்று பொருள்படும். சுருள்சுருளாய் மயிர் விட்டது 'குடிலகேசா'. பல கணுக்களோடு கூடியது 'பஹுசந்திகா'. இரண்டு வித வித்து தருவது 'த்வயபீஜா'. வளைந்த வித்தை உடையது 'வக்ரபீஜா'. பின்னாளில் சுதா என்பவரோடு சேர்ந்து இட்டது 'அர்த்தசந்திரா'. மாணவர் ஜெயராம பட்டோடு சேர்ந்து இட்டது, வித்தில் பல நூல்கள் நீண்டிருக்கும் 'பஹுசூத்ரபீஜா'. குருவுக்கு ஒரு தக்ஷிணையாக 'சதாசிவானியா' என்றும் ஒன்று. லிஸ்பனிலும் டோக்கியோவிலும் ஒரு மாணவன் நுண்ணோக்கியில் குனிந்து, நாக்கு புரளாமல், 'குடிலகேசா' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் காட்சியை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பும் பெருமையும் சேர்ந்தே வருகின்றன.

தமிழ்ச் சொல் ஒன்றுகூட இவற்றில் இல்லையே என்று அன்பர் சிலர் என்னிடம் வருத்தப்பட்டதுண்டு. அந்த வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தமிழ்ப் பெயரிட வேண்டிய கடன் தமிழர் அனைவருக்கும் உரியதேயன்றி, எர்ணாகுளத்தில் பிறந்த ஒருவர் தலையில் மாத்திரம் சுமத்தத் தக்கதன்று.

இஃதிருக்க, பெயரிடுவதில் ஒரு கொடுமையும் உண்டு. ஒரே ஜீவனுக்கு இருவர் இரு காலங்களில் பெயரிட்டிருந்தால், முந்தியது எதுவோ அதுவே நிற்கும். பிந்தியது எவ்வளவு அழகியதாயினும் தள்ளுபடியாகும். 'வக்ரபீஜா' என்ற பெயரை அவர் சூட்டிய பூஞ்சை, நெற்பயிரின் தண்டை அழுகச் செய்வது. உழவர்கள் வயிற்றில் அடிக்கும் பூஞ்சை. அதற்கு 1939-லேயே ஜப்பானியரான ஹாரா என்பவர் 'நகாதேயா' என்று நாமகரணம் செய்துவிட்டிருந்தார். 'வக்ரபீஜா' போயிற்று. 'குடிலகேசா' என்று அவர் அழைத்ததும் ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பே வேறொரு பெயரால் அறியப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்ததென்று தேர்ந்து அந்தப் பழம்பெயருக்குள் அடங்கிப்போயிற்று. இவற்றைக் குற்றமாகச் சொல்லவில்லை. பெயரிடும் தொழிலில் கைவைத்த எவருக்கும் நேர்வதுதான். ஜாபிதாக்களில் அவை இன்றும் இணைப்பெயர்களாக, சிறிய எழுத்தில், ஒரு சமமென்ற குறியின் வலப்பக்கத்தில் இருந்துவருகின்றன.

இப்போது 'கவக'த்துக்கு வருவோம். 1973-ல் பூஞ்சைகளை வகைப்படுத்துவது குறித்துச் சர்வதேச மகாநாடு ஒன்று சென்னையில் கூடிற்று. சுப்பிரமணியனின் முயற்சியால் அவ்வருஷமே இந்தியப் பூஞ்சையியல் சங்கம் ஸ்தாபிதமாயிற்று. அச்சங்கம் தன் பத்திரிகைக்கு வைத்த பெயர் 'கவகா'. ஸ்மிருதி பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்ட சொல்லை அழைத்து வந்து, பத்திரிகையின் முகப்பிலேயே உட்காரவைத்துவிட்டார்கள்!

அந்தப் பத்திரிகையின் ஆரம்ப ஏடுகளில்தான், கூக்கால் மூதாட்டி சொன்ன இரண்டு வாக்கியங்களுக்கும் பாஷ்யம் எழுதப்படத் தொடங்கிற்று. எழுதியவர் சுப்பிரமணியன் அல்லர். அதே உயராய்வு மையத்தில், பூசணத்தை விட்டுக் குடைக்காளான்களை எடுத்துக்கொண்ட கே. நடராஜன். புற்றுக்காளானைப் பற்றிய சரித்திரம் நம் தமிழ்நாட்டிலேயே தொடங்குகிறது என்பதை நம்மவர் பலர் அறியார். தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து சேர்ந்த யொஹான் கெர்ஹார்டு கோனிக், தஞ்சைச் சீமையின் கறையான் புற்றுகளை வெட்டிப் பார்த்து, அவற்றின் உள்ளே கறையான்கள் பூஞ்சைத் தோட்டம் வளர்ப்பதை 1779-லேயே எழுதி வைத்தார். கறையான் அரித்துக் கொண்டுவரும் மரத்தூளை அதனால் தானே முற்றும் ஜீரணிக்க இயலாது. அதைப் பிசைந்து தேனடை போன்ற மேடைகளாகக் கட்டிப் பூஞ்சைக்கு ஊட்டி, பூஞ்சை பக்குவப்படுத்தித் தந்ததைத் தான் உண்கிறது. மழை வந்து புற்று நனையும்போது அந்தத் தோட்டம் தன் காயை மண்ணைத் துளைத்து மேலே அனுப்புகிறது. இடி இடித்த மறுநாள் வருகிறது என்று ஆத்தா சொன்னது இதைத்தான். இவ்வகைக் காளான்களுக்கு 1942-ல் 'டெர்மிடோமைசீஸ்' என்று பேரினப் பெயர் கொடுத்தவர் பாரிஸ் நகரத்து ரோஜர் ஹைம். 1979-ல் தென்னாட்டிலிருந்து ஒரு புதிய இனத்தை விவரித்த நடராஜன், அதற்கு ஹைமின் பெயரையே சூட்டி 'டெர்மிடோமைசீஸ் ஹைமியை' என்றார். சந்தையில் கூறுகட்டி விற்கிற புற்றுக்காளானைக் காணும்போதெல்லாம், தரங்கம்பாடிக்கும் பாரிஸுக்கும் சென்னைக்கும் ஓடும் இந்த உறவு எனக்கு நினைவுக்கு வரும்.

மற்ற வாக்கியம் பைனைப் பற்றியது. 'மரத்தோட வந்த சனியன்' என்று அவள் சொன்னதில் சனியன் என்பதை மாத்திரம் நீக்கிவிட்டால் எஞ்சியது கறாரான விஞ்ஞானம். மெக்ஸிகோவிலிருந்து கொண்டுவந்து நம் மலைகளில் நட்ட பைன் மரம் தனித்து வாழ மாட்டாது. அதன் வேர் நுனிகளைச் சில காளான்களின் நூல்கள் கையுறை போல் போர்த்திக்கொண்டு, மண்ணிலிருந்து நீரையும் பாஸ்பரத்தையும் உறிஞ்சிக் கொடுத்து, மரம் சமைக்கும் சர்க்கரையைக் கூலியாகப் பெறுகின்றன. மரம் வந்தபோது காளானும் கூடவே கப்பலேறி வந்திருக்கிறது. நீலகிரியின் பைன் தோட்டங்களில் இத்தகைய வேர்க்கூட்டுகளை நடராஜனும் மோகனும் இங்லிபி என்ற வெளிநாட்டறிஞரும் சேர்ந்து ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டார்கள். சிவப்புக் குடையில் வெண்புள்ளி வைத்து, சித்திரப் புத்தகங்களில் மாத்திரமே நாம் கண்டிருந்த விஷக்காளானும் அக்கூட்டத்தில் ஒன்று. ஆத்தா தொடாதே என்றது சரிதான்.

நடராஜனைப் பற்றி இன்னும் ஒன்று. அவரும் ராமன் என்பவரும், சித்தத்தைக் கலக்கும் குணமுள்ள ஒரு மெக்ஸிகோ இனம் தென்னிந்தியாவிலும் கிடைப்பதாக 1985-ல் எழுதினர். அவ்வினங்களுக்கெல்லாம் உலக ஆசானாக விளங்கிய மெக்ஸிகோவின் காஸ்டோன் குஸ்மான் அதைப் பரிசீலித்து, இது எங்கள் ஊர்ச் சரக்கன்று, உங்கள் நாட்டுக்கே உரிய தனி இனம் என்று கண்டு, 1995-ல் அதற்கு 'சைலோசைபி நடராஜனியை' என்று பெயரிட்டார். பிறர் பெயரைக் காளானுக்குச் சூட்டியவரின் பெயரையே ஒரு காளான் திருப்பிச் சூடிக்கொண்டது. இக்காளான் ஜாதியைத் தேடிக் கொடைக்கானலுக்கு இளைஞர் வருவதும், போலீஸார் அவர்களையும் விற்பவர்களையும் பிடிப்பதும் அவ்வப்போது பத்திரிகையில் காணும் செய்தி; அதில் நமக்குக் காரியமில்லை.

என் காகித உறையில் கிடந்த இலையை மறந்துவிடவில்லை. அதைக் கொடைக்கானலில் உள்ள ஒரு பள்ளி ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கண்ணாடித் தட்டில் மையொற்றும் காகிதத்தை விரித்து, காய்ச்சி ஆறிய நீரால் நனைத்து, அதன்மேல் இலையைப் படுக்கவைத்து, இன்னொரு தட்டால் மூடி ஜன்னலோரம் வைத்தார். உதிர்ந்த இலையில் உறங்கும் பூசணத்தை எழுப்ப இதைவிடப் பெரிய உபகரணம் எதுவும் தேவையில்லை. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது, இலை நரம்பின் ஓரத்தில், புதிதாகச் சவரம் செய்த கன்னத்தில் மறுநாள் தெரியும் கருமை போல் ஒரு சாயல். நுண்ணோக்கியின் அடியில் வைத்ததும் அக்கருமை ஒரு காடாயிற்று: பழுப்பு நிறத் தண்டுகள் நெட்டுக்கு நிற்க, ஒவ்வொன்றின் உச்சியிலும் பிறைபோல் வளைந்த வித்துகள் ஒரு துளி பிசினில் திரண்டு பளபளத்தன. ஆசிரியர் ஊசி முனையால் தொட்டார். துளி உடைந்து பிறைகள் சிதறி மிதந்தன. அதன் பெயர் என்ன என்று அவரும் கேட்டார், நானும் கேட்டேன். வித்தைக் கண்டோம், அது பிறப்பதை நாங்கள் காணவில்லை. ஆகவே சுப்பிரமணியனின் சாஸ்திரப்படி எங்களுக்குப் பெயர் சொல்ல அதிகாரமில்லை என்று மூடிவைத்துவிட்டோம்.

அவருடைய பிற்காலத்தில் சாஸ்திரமே வேறு திசையில் திரும்பிவிட்டது. மரபணுவின் எழுத்துகளைப் படிக்கும் வித்தை வந்தபின், நூற்பூஞ்சை என்பதே ஒரு குலமன்று, பல குலத்தாரும் தத்தம் வசதிக்காக அணிந்துகொண்ட ஒரு வேஷம் என்று தெளிவாயிற்று; 1962-ல் அவர் வகுத்த குடும்பங்களில் அநேகம் கலைந்துபோயின. ஒரே பூஞ்சை, ஆண்பெண் சேர்க்கையால் வித்திடும் நிலைக்கு ஒரு பெயரும், அஃதின்றி வித்திடும் நிலைக்கு வேறொரு பெயரும் வைத்திருக்கலாம் என்ற பழைய சலுகையும், 2011-ல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மகாநாட்டின் தீர்மானப்படி, 2013 ஜனவரி 1 முதல் ரத்தாயிற்று. வகுத்த குடும்பங்கள் கலைந்தாலும், வித்து பிறக்கும் விதத்தை அவர் கண்டு எழுதிய வர்ணனைகளில் கலைக்கத்தக்கது எதுவுமில்லை. இலையைத் தட்டில் வைத்துப் பார்க்கும் எவரும் இன்றும் அவருடைய 1971-ஆம் வருஷத்து நூலைத்தான் முதலில் புரட்டவேண்டியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சுப்பிரமணியன் 2016-ல் காலமானார். மெக்ஸிகோவின் குஸ்மான் மறைந்ததும் அவ்வருஷமே. அதற்கு முப்பத்தோராண்டு முன்பு, 1985-ல், நெதர்லாந்தின் வான் ஆர்க்ஸ் என்னும் பூஞ்சை நிபுணர் ஒரு புதிய பேரினத்தை இந்திய விஞ்ஞான அகாதமியின் நடவடிக்கைகளிலேயே, அதாவது சுப்பிரமணியனின் பருத்தி வாடல் கட்டுரை வெளிவந்த அதே ஏட்டிலேயே, பிரசுரம் செய்து அதற்குச் 'சுப்ரமணியூலா' என்று பெயரிட்டார். அந்தப் பெயருக்கு முந்திய பெயர் எதுவும் இதுவரை கிளம்பவில்லை. அது நிலைத்து நிற்கிறது.

(தொடரும்)